ராத்திரியில் சாவி யாரிடம் இருக்கும்?

பண்ணைப்புரத்தை விட்டுப் போய் வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு,

உங்கள் இடது தோளைத் தடவிப் பாருங்கள். மொச்சைக்கொட்டை அளவில் ஒரு தழும்பு தட்டுப்படும். உங்களில் பலருக்கு அந்த ஊசியைப் போட்டவள் நான். 1985-இல் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். 2019-இல் ஓய்வுபெறும்வரை இந்த மலையடிவாரத்து ஊர்களைச் சுற்றியே காலம் போனது. ‘நர்சம்மா வருது’ என்றதும் குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர்கள் நீங்கள். இப்போது நீங்களே தேடிப் பிடித்து எனக்குப் போன் போடுகிறீர்கள்.

தை பிறந்ததிலிருந்து இப்படி மூன்று போன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பி ஒருவர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பாப்பா ஒருத்தி, துபாயிலிருந்து இன்னொருவர். மூவரும் கேட்டது ஒன்றைத்தான். “அத்தை, அம்மாவுக்கு இனிமே வைத்தியம் இல்லன்னு கையை விரிச்சுட்டாங்க. வீட்டுல பார்க்க ஆளில்ல. ஒரு ஹோம் பார்த்திருக்கேன், போட்டோ அனுப்புறேன். நல்ல எடமான்னு சொல்லுங்க.”

போட்டோக்கள் வந்தன. கிரானைட் தரை. வாசலில் பிள்ளையார். வெள்ளைச் சேலையில் வரிசையாக நின்று கைகூப்பும் பெண்கள். தோட்டம், லிஃப்ட், ஆளுயர டி.வி. ஒரு படத்திலும் நோயாளி இல்லை. சேலைக்கடைப் படத்தில் சேலை இல்லாத மாதிரி.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். இன்னும் எத்தனை பேர் கேட்கப் போகிறீர்களோ. நம்மூரில் தெருவுக்கு நாலு வீட்டில் வயதானவர்கள் மட்டும்தானே இருக்கிறார்கள். அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பது அதில் தெரியும். 34 வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள், கட்டடத்தைப் பார்த்து ஏமாந்தேன்.

என் பெரியக்காவுக்குக் கன்னத்துக்குள் புற்று. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்த காலத்தில் பழகிய வெற்றிலையும் புகையிலையும். கதிர் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கடைசியில் ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்றார்கள். எனக்கு அப்போது மூட்டுவலி, தூக்கிப் புரட்ட முடியவில்லை. ஒரு இல்லத்தில் சேர்த்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். வெளிச்சமான அறை, துவைத்த விரிப்பு, மார்ஃபின் இருக்கிறது என்றும் சொன்னார்கள். எனக்குத் திருப்தி.

மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வலி கிளம்பியது. பணியில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். நர்ஸ் இல்லை, உதவிக்கு இருப்பவள். “மாத்திரை பீரோவுல இருக்கு மேடம். சாவி சிஸ்டர்கிட்ட. அவங்க எட்டு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டாங்க. காலைல வந்துருவாங்க” என்றாள். போன் போட்டோம், எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை பயந்துபோய் அழுதுவிட்டது. அக்கா கத்தவில்லை. கத்துவதற்கு வாய் திறக்க வேண்டும், அது திறந்து மாதங்கள் ஆகியிருந்தன. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். விடியும்போது விரல்கள் வெளுத்து மரத்துப் போயிருந்தன. ஏழரை மணிக்கு சாவி வந்தது.

மருந்தே இல்லாத இடமென்றால் என் மனது ஆறியிருக்கும். அது பன்னிரண்டு அடி தூரத்தில், பூட்டுக்குள் இருந்தது.

பூட்டி வைப்பது தப்பில்லை. மார்ஃபின் அபினிலிருந்து வருவது, அதைப் பூட்டில் வைத்து ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் கணக்கு எழுத வேண்டும். இந்த மருந்தின் கதையே நம் நாட்டில் விசித்திரம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிராகிறது, வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. உள்ளூர் நோயாளிக்கு மட்டும் எட்டாமல் இருந்தது. 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்க நாலைந்து துறைகளில் ஏறி இறங்கி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதியாகிவிடும். எதற்கு வம்பு என்று பெரும்பாலோர் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் ‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ என்ற ஒரே அங்கீகாரம் போதும்.

ஆகவே ஹோம்காரர்களிடம் ஏசி பற்றிக் கேட்பதற்கு முன்னால் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது முதியோர் இல்லம். நல்ல முதியோர் இல்லமாகவே இருக்கலாம். புற்று முற்றிய உங்கள் அம்மாவுக்கு அது போதாது. இருக்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி: ராத்திரியில் சாவி யாரிடம் இருக்கும்? இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். ‘ராத்திரி டூட்டி சிஸ்டர் இடுப்பில் இருக்கும், அவர் மாறும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்’ என்று சட்டென்று பதில் வந்தால் அங்கே யாரோ ஒருவர் ராத்திரியைப் பற்றி யோசித்திருக்கிறார். ‘அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் சார்’ என்று வந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏமாற மாட்டீர்கள். வாயில் போடும் சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம் தாங்கும். அதன் வேகம் இறங்குவதற்குள் அடுத்த வேளை உள்ளே போக வேண்டும். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவன் பயிர் வாடட்டும், பிறகு மடையைத் திறப்போம் என்று உட்கார்ந்திருப்பானா? ‘வலி வந்தா சொல்லுங்க, தர்றோம்’ என்று ஒரு இடத்தில் சொன்னால் அவர்களுக்கு இந்த வேலை தெரியாது.

இதைக் கண்டு சொன்னது பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. லண்டனில் ஏழைகள் சாகக் கிடந்த பழைய விடுதி ஒன்றில், அங்கிருந்த நர்சுகள் வலி வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுத்துவந்தார்கள். அதைக் கவனித்தவர் சிசிலி சாண்டர்ஸ். அவரும் முதலில் நர்ஸ்தான். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகி, தான் சொன்னால் டாக்டர்கள் கேட்கவேண்டும் என்பதற்காகவே மருத்துவம் படித்து, முப்பத்தெட்டு வயதுக்கு மேல் டாக்டர் ஆனார். 1967-இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ்தான் இன்று உலகம் முழுக்க இருக்கும் இந்த வகை இல்லங்களுக்கெல்லாம் தாய்வீடு.

‘போதை பழகிடாதா அத்தை?’ என்று சென்னைப் பாப்பா கேட்டாள். வலிக்காக, அளவறிந்து, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு அநேகமாக இடமில்லை. பழகிவிடும் என்று பயந்து, மூன்று மாதம் வாழப்போகிற ஒரு தாயைத் துடிக்க விடுவது எந்த ஊர் நியாயம்? மார்ஃபினால் நிச்சயம் வருகிற தொல்லை ஒன்று உண்டு, மலச்சிக்கல். அதனால் மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மார்ஃபினுக்குக் கீழே மலமிளக்கி எழுதியிருந்தால் எழுதியவர் விஷயம் தெரிந்தவர். எழுதாமல் விட்டிருந்தால் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் நம்பாதீர்கள்.

இனி நேரில் போய்ப் பார்ப்பது பற்றி. காலை பதினோரு மணிக்குப் போகாதீர்கள். அது கல்யாண வீட்டில் முகூர்த்த நேரம் மாதிரி, எல்லாரும் குளித்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் அசந்திருக்கும் மூன்று மணிக்குப் போங்கள். முடிந்தால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் போங்கள். உள்ளே விட மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உள்ளே நுழைந்ததும் கண்ணை விட மூக்கை நம்புங்கள். பினாயில் வாசம் மூச்சை அடைத்தால் எதையோ மூடுகிறார்கள். புற்றுப்புண் நாறும், உண்மை. ஆனால் அந்த நாற்றத்துக்கு மிக மலிவான வழி இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின்மேல் தூவினால் ஓரிரு நாளில் வாடை அடங்கும். கேரளத்து வலிதணிப்பு நர்சுகளுக்கு இது பால்பாடம். சொந்தப் பேரனே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிய ஒரு பாட்டியின் கட்டிலில், அந்தப் பொடி போட்ட மூன்றாம் நாள் அவன் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சில ரூபாய் மாத்திரை. அது தெரியாமல் அறைக்கு அறை ஊதுபத்தி கொளுத்தும் இடங்களும் உண்டு.

பிறகு தண்ணீர் டம்ளரைப் பாருங்கள். நோயாளியின் கைக்கு எட்டுகிற பக்கம் இருக்கிறதா, துடைப்பவளுக்கு வசதியான பக்கம் இருக்கிறதா? அழைப்பு மணி கட்டிலில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா? உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா? படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அந்த நேரத்தை எழுதும் தாள் இருக்கிறதா? அந்தத் தாளில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் 2, 4, 6, 8 என்று எழுதியிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அரசாங்கப் பதிவேடு எழுதியவள்தான்.

வலியை எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பத்துக்கு எத்தனை என்று கேட்பது புத்தக முறை. நம் ஆத்தாமார்களுக்கு அந்தக் கணக்கு ஓடாது. எத்தனை என்று கேட்டால், பாவம், நல்ல மார்க் என்று நினைத்துப் பத்து என்பார்கள். நான் ரூபாய்க் கணக்கில் கேட்பேன். ‘முழு ரூபா வலியா, அரை ரூபாயா?’ யோசிக்காமல் பதில் வரும்: ‘முக்கா ரூவா இருக்கும்த்தா.’ நேற்று முக்கால் ரூபாய், இன்று கால் ரூபாய் என்று யாராவது எழுதிவைக்கும் இடம் நல்ல இடம். எழுதாத இடத்தில் வலி இருக்கிறதா என்பதைச் சொந்தக்காரர்கள் போடும் சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

சேர்க்கும் அன்று இன்னொன்றைப் பாருங்கள். மேலாளர் உங்களிடம் பேசுகிறாரா, உங்கள் அம்மாவிடம் பேசுகிறாரா? பெரும்பாலும் சக்கர நாற்காலியில் அம்மா ஒருபுறம் இருக்க, அவர் தலைக்கு மேலே நீங்களும் அவரும் பேசிக்கொண்டிருப்பீர்கள். ‘அம்மாகிட்ட நோயைப் பத்திச் சொல்லிராதீங்க’ என்று நீங்களே கண்ணைக் காட்டுவீர்கள். அவர்களும் தலையாட்டுவார்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து, தெரியாமல் செத்தவர்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் மனது நோகக் கூடாது என்று தெரியாத மாதிரி நடிப்பார்கள், அவ்வளவுதான். நல்ல இல்லத்தில் யாராவது ஒருவர் அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ‘உங்களுக்கு என்ன கவலை?’ என்று கேட்பார். சாண்டர்ஸ் அம்மையார் இதைத்தான் மொத்த வலி என்றார். உடம்பு வலி ஒரு பங்குதான், மற்றது கடன், மனஸ்தாபம், கட்டிக்கொடுக்காத மகள், சாமி மேல் கோபம். மருந்தைக் கூட்டக் கூட்ட வலி அடங்காத ஒரு தாத்தா நம் பக்கத்தில் இருந்தார். கடைசியில் பார்த்தால், தன் பசுவை மகன் அடிமாட்டுக்கு விற்றுவிடுவான் என்ற கவலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து ‘நான் கட்டி வளர்க்கிறேன்’ என்று சொன்ன ராத்திரி பழைய அளவு மருந்திலேயே தூங்கினார்.

ஹோட்டல் சாப்பாடு நன்றாக இல்லையென்றால் மறுநாள் நாலு பேரிடம் சொல்வோம். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி பற்றித் தாயே சொல்வாள். சாகக் கிடப்பவரைப் பார்த்துக்கொண்ட இடம் எப்படி என்று சொல்லவேண்டியவர் போய்விடுகிறார். மிஞ்சியவர்களோ அந்த நாட்களை நினைக்கவே விரும்புவதில்லை. ‘நல்லாத்தான் பார்த்தாங்க’ என்று முடித்துவிடுகிறார்கள். வேறு மாதிரி சொன்னால், அப்படிப்பட்ட இடத்தில் சேர்த்த பாவம் தங்களைச் சேரும் என்ற பயம். அக்கா விஷயத்தில் நானே நாலு வருடம் வாயைத் திறக்கவில்லையே.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2015 முதல், இறந்தவரின் வீட்டாரிடம் இரண்டு மூன்று மாதம் கழித்து அரசாங்கமே கேள்வித்தாள் அனுப்ப ஏற்பாடு செய்து, பதில்களைத் தொகுத்து நிறுவனம் வாரியாக எல்லாரும் பார்க்க வெளியிடுகிறது. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டபோது உதவி கிடைத்ததா என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. அதைப் படித்தபோது பீரோ சாவி ஞாபகம் வந்தது. இதையெல்லாம் செய்தும் அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. அரசாங்கம் நாள் கணக்கில் பணம் கொடுப்பதால் இது நல்ல வியாபாரம் என்று பலர் இறங்கிவிட்டார்கள். 2022-இல் கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளரே, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஹாஸ்பிஸ் கம்பெனிகள் தேவைக்கு மீறி முளைத்திருப்பது மோசடியின் அடையாளம் என்று அறிக்கை கொடுத்தார். கேள்வித்தாள் தானாக யாரையும் காப்பாற்றாது. ஆனால் நம்மிடம் அதுகூட இல்லை.

நம் மாநிலத்தில் இப்படிப்பட்ட இல்லங்களை எடைபோடுவது எவ்வளவு குழப்பமாகப் போகும் என்பதற்குப் பாலேஸ்வரம் சாட்சி. 2018 பிப்ரவரி, காஞ்சிபுரம் மாவட்டம். ஆதரவற்ற முதியவர்களைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்த்த ஒரு இல்லத்தின் வண்டியை வழியில் மக்கள் மடக்கினார்கள். உள்ளே ஒரு பிணம், அதே வண்டியில் உயிருள்ள முதியவர்கள், கூடவே காய்கறி மூட்டை. டி.வி.க்கள் பற்றிக்கொண்டன. அங்கே சில வருடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள், சுவர் அறைகளில் அடக்கம் செய்திருக்கிறார்கள், எலும்பு வியாபாரம் என்றெல்லாம் ஓடியது. அதிகாரிகள் போனார்கள், இருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள்.

நானும் ஒரு வாரம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் செத்தார்கள் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சாகப் போகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் சாவு எண்ணிக்கை எதைச் சொல்லும்? பிரசவ ஆஸ்பத்திரியில் இத்தனை குழந்தை பிறந்துவிட்டதே என்று கேட்பது போல. கேட்டிருக்க வேண்டியது வேறு. டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தார்? வலிக்கு என்ன கொடுத்தார்கள்? நோயாளியின் சம்மதம் யார் வாங்கியது? ஆளுக்கு ஒரு கேஸ் ஷீட் இருந்ததா? பிணத்தையும் உயிருள்ளவரையும் ஒரே வண்டியில் ஏற்றுகிற இடத்தில் இதற்கெல்லாம் நல்ல பதில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியாததால், சத்தம் அடங்கியதும் அடுத்த இல்லத்தை அளக்கும் கோல் நம் கையில் இல்லாமல் போனது. தெருவில் கிடந்தவர்களை வேறு யார் எடுத்தார்கள் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

இதே மலைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. நம்மூர்ப் பெண்கள் விடியலில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டு இருட்டும்போது இறங்குகிறார்கள். அவர்கள் சொல்லும் கதைகளில் ‘பாலியேட்டிவ் சிஸ்டர்’ அடிக்கடி வருவார். பஞ்சாயத்து வண்டியில் வீட்டுக்கே வந்து, புண்ணைச் சுத்தம் செய்து, டியூப் மாற்றி, பாட்டியோடு கட்டன்சாயா குடித்துவிட்டுப் போகிற சிஸ்டர். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் ஒரு சின்ன அறையில் தொடங்கிய வலிதணிப்பு வேலை, பஸ் தொழிலாளியும் பள்ளி வாத்தியாரும் மாணவர்களும் சேர்ந்த ஊர்வேலையாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. எந்த நாட்டில் சாவு எவ்வளவு கௌரவமாக நடக்கிறது என்று 2010-இல் எக்கனாமிஸ்ட் பத்திரிகையின் ஆய்வுப் பிரிவு 40 நாடுகளை வரிசைப்படுத்தியபோது இந்தியா கடைசி. அந்த அறிக்கையிலேயே கேரளத்துக்கு மட்டும் பாராட்டு.

தமிழ்நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் என் துறைக்கே துரோகம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு நோய் ஆதரவுச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு நர்ஸ், வண்டியோடு. உங்கள் அம்மா பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும், காசில்லை. வருகிற பிள்ளைகள் நன்றாகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு வட்டாரம் முழுக்க ஒரு நர்ஸ் என்றால் நம் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரமுடியும்? ராத்திரி யார்? தனியாரிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கிறேன். எங்கள் துறை என்பதற்காகச் சலுகை இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். தென் மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 2018-இல் ‘பாரம்’, 2019-இல் ‘கே.டி.’ என்று படமாகவே வந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவருக்கு ‘நல்லது செய்வதாக’ நினைத்துக்கொண்டு வீட்டாரே கூடி முடிவெடுக்கும் வழக்கம். அது கொலை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து பேசியவள் நான். புண் நாற்றம், ராத்திரி முழுக்க முனகல், கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, டாக்டர் கையை விரித்துவிட்டார். வலியை அடக்க ஆள் வராத ஊரில்தான் அப்படி ஒரு யோசனை ‘இரக்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு வாசல் ஏறுகிறது. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தினேன், சரி. கையில் மார்ஃபின் மட்டும் இல்லை.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மாதக் கட்டணத்தில் என்ன சேர்த்தி, என்ன தனி என்று எழுதி வாங்குங்கள். டயப்பர், டிரஸ்ஸிங், உதவியாள், எல்லாம் தனித்தனியாக ஏறி, பில் இரண்டு மடங்காகும். கடைசி நாளில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி நீங்களே சண்டை போடுவீர்கள். சாகும் உடம்புக்குப் பசி இருக்காது, ஏற்றும் தண்ணீர் பல சமயம் நுரையீரலில் தேங்கி மூச்சை இன்னும் முட்டவைக்கும். ‘வேண்டாம் தம்பி, வாயை நனைச்சுக்கிட்டே இருங்க, போதும்’ என்று உங்களைத் தடுத்து, அந்தக் காசை வேண்டாம் என்று சொல்கிற இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஐ.சி.யூ.வுக்கு அனுப்பினால் தங்கள் பொறுப்பு கழிந்தது என்று நினைக்கும் இடங்கள்தான் அதிகம்.

மதுரைப் பக்கம் இந்த வேலைக்கென்றே உள்ள இடங்கள் இருக்கின்றன, ஐஸ்வர்யம் அறக்கட்டளையின் நேத்ராவதி மையம் போல. எதையும் நான் சிபாரிசு செய்யவில்லை. எங்கே போனாலும் இதே கேள்விகளோடு போங்கள். போவதற்கு முன்னால் அங்கே அம்மாவையோ அப்பாவையோ இழந்த ஒரு வீட்டாரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். இல்லத்துக்காரர்களிடமே கேட்கலாம். நல்ல இடமென்றால் இறந்தவர் வீட்டாரோடு தொடர்பு வைத்திருப்பார்கள், முப்பதாம் நாள் காரியத்துக்குள் ஒரு போனாவது போட்டிருப்பார்கள். ‘எப்படிப் பார்த்தாங்க?’ என்று அவர்களிடம் கேட்காதீர்கள், ‘நல்லாத்தான்’ என்று வரும். ‘கடைசி ராத்திரி என்ன நடந்துச்சு?’ என்று கேளுங்கள். அதற்கு மழுப்ப முடியாது.

இதெல்லாம் கட்டடத்தைத் தேடுகிறவர்களுக்கு. ஆனால் உங்களுக்குப் போன் செய்யும்போது அம்மா என்ன சொல்கிறார்? அந்த மூன்று பேரின் அம்மாக்களையும் நான் போய்ப் பார்த்தேன். மூவரும் சொன்னது, ‘எங்கயும் வேணாம், இந்தத் திண்ணையிலயே கெடந்து போயிர்றேன்.’ க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு பகல் போகிறது. மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே சேர்த்துவிட்டு, வாரம் ஒருமுறை வீடியோ காலில் முகம் பார்ப்பதற்குப் பதிலாக, இந்தத் திண்ணையிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள்.

வேண்டியது அதிகமில்லை. தெருவில் புரட்டிப் படுக்கவைக்கவும் புண் துடைக்கவும் தெரிந்த ஆறு பேர். மாற்றி மாற்றி இரவல் கொடுக்க இரண்டு வாட்டர் பெட், ஒரு சக்கர நாற்காலி. மாதம் ஒருமுறை வந்து மார்ஃபின் எழுதித்தர ஒரு டாக்டர். ராத்திரி எடுக்கப்படும் ஒரு போன். பெண்கள் சுய உதவிக் குழுவில் நாலு பேர் கற்றுக்கொள்ளத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க நான் இருக்கிறேன், மூட்டுவலியோடு. டாக்டரை அழைத்துவரும் வண்டிச் செலவுக்கும் அந்த மூன்று பொருளுக்கும் ஆள் வேண்டும்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எப்படியும் ஊருக்கு வருவீர்கள். அதில் ஒரு சாயங்காலத்தை எனக்குக் கொடுங்கள். பழைய துணை சுகாதார நிலையத்துக்கு எதிர் வீடு, ஊசிக்குப் பயந்து நீங்கள் ஓடிய அதே சந்து. வரும்போது அம்மாவையும் கூட்டி வாருங்கள், முடியாதென்றால் கேட்டுவிட்டாவது வாருங்கள், எங்கே இருக்க ஆசை என்று.

இப்படிக்கு,
உங்கள் நர்சம்மா
பண்ணைப்புரம்